சீற் வெட்டும் தூளும் முப்பது வருடக் கணக்கும்

போன புரட்டாதியில் திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டு வேலை. மாரி தொடங்குவதற்கு முன் கூரையை மூடிவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படும் காலம் அது. முற்றத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் குந்தியிருந்து, புது அஸ்பெஸ்டஸ் சீற்றின் மூலைகளைக் கிரைண்டரால் வெட்டிக்கொண்டிருந்தான். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. வெள்ளைத் தூள் புகைபோல எழும்பி, மதிலைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த பள்ளிக்கூடச் சட்டைகளில் போய்ப் படிந்தது. பையனிடம் லேஞ்சி ஒன்று இருந்தது. அது மூக்கில் இல்லை, கழுத்தில் கிடந்தது.

"தம்பி, அதை நிப்பாட்டு" என்றேன்.

"சீமெந்துத் தூள்தானே அண்ணன், குளிச்சாப் போயிடும்" என்றான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவன் வயதில் நானும் இதையேதான் சொன்னேன். கட்டட வேலைக்குள் வந்து எத்தனையோ வருடம் கழித்துத்தான், குளித்தால் போகாத ஒன்று அந்தத் தூளுக்குள் இருக்கிறது என்று விளங்கியது. அந்தப் பையனுக்கு அன்று ஏணியடியில் நின்று அரைகுறையாகச் சொன்னதைக் கொஞ்சம் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

தமிழில் அஸ்பெஸ்டஸுக்குக் கல்நார் என்று ஒரு பெயர் இருக்கிறது. கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்றாலும், விஷயத்தை விளங்கிக்கொள்ள அந்தச் சொல்லே போதும். இது நிலத்திலிருந்து தோண்டி எடுக்கும் ஒரு கனிமம். ஆனால் மற்றக் கற்களைப்போல மணலாக நொறுங்காமல் நாராகப் பிரியும். தேங்காய்த் தும்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிடி தும்பைப் பிய்த்தால் இழை இழையாக வரும். ஒரு இழைக்கு மேல் கையால் பிரிக்க முடியாது. கல்நார் அங்கே நிற்பதில்லை. நீளவாட்டில் இன்னும் மெல்லியதாக, அதற்குள்ளும் மெல்லியதாகப் பிரிந்துகொண்டே போகும். கடைசியில் வரும் இழை தலைமுடியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியது. கண்ணுக்குத் தெரியாது, மணமில்லை, தொண்டையில் கரகரப்பும் இல்லை. பையன் கண்ணால் கண்ட வெள்ளைப் புகை பெரும்பாலும் சீமெந்துதான். பயப்பட வேண்டியது அந்தப் புகைக்குள் இருந்த, அவன் காணாத பகுதிக்கு.

நெருப்புப் பிடிக்காது, உக்காது, விலையும் குறைவு. இந்தக் குணங்களுக்காகத்தான் உலகம் அதைக் கொண்டாடியது. கூரைச் சீற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வாக்கில் கல்நார், மிச்சம் சீமெந்து. கொங்கிரீட்டுக்குள் கம்பி போடுவது எதற்கோ, சீற்றுக்குள் இந்த நார் அதற்கு. அதே உக்காத குணம்தான் நெஞ்சுக்குள் போனபின் எமனாக வருகிறது.

நாம் மூச்சில் இழுக்கும் சாதாரணத் தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் சளியில் ஒட்டி வெளியே வந்துவிடும். கல்நார் இழை மிக மெல்லியது என்பதால் காற்றோடு காற்றாக நுரையீரலின் அடிவரைக்கும் போய்விடும். அங்கே உடலின் காவல் கலங்கள் இருக்கின்றன. உள்ளே வரும் கிருமியையும் தூசியையும் விழுங்கிக் கரைப்பது அவற்றின் வேலை. ஆனால் நீளமான இழையை ஒரு காவல் கலத்தால் முழுதாக விழுங்க முடிவதில்லை. பெரிய முள்ளை விழுங்கப்போன பூனையைப்போல அது பாதியில் மாட்டிக்கொள்கிறது. கரைக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், எரிச்சலூட்டும் இரசாயனங்களைச் சுற்றிவரக் கக்குகிறது. அந்த இடம் அழற்சியாகிறது. அழற்சி ஆறுவதற்குள் அதே முள் அங்கேயே நின்று மறுபடி குத்துகிறது. இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து இருபது வருடம். ஓயாமல் புண்ணாகி ஓயாமல் ஆறும் இடத்தில் கலங்கள் பிரிந்து பெருகும்போது அவற்றின் டி.என்.ஏயில் பிழைகள் சேர்கின்றன. சேர்ந்த பிழைகள் ஒரு கட்டத்தில் கட்டுப்பாட்டை அறுத்தால் அது புற்றுநோய்.

எல்லா நாரும் ஒரே மாதிரி இல்லை. வெள்ளை, மண்ணிறம், நீலம் என்ற மூன்றும்தான் சந்தைக்கு அதிகம் வந்தவை. நீலமும் மண்ணிறமும் ஊசிபோல் நேரானவை, நுரையீரலில் நெடுங்காலம் நிற்பவை, கூடுதல் கொடியவை. வெள்ளை சுருளாக இருக்கும், கொஞ்சம் வேகமாக வெளியேறும். இதை வைத்துக்கொண்டுதான் வியாபாரிகள் "வெள்ளை பாதுகாப்பானது" என்று சொல்வார்கள். 'கொஞ்சம் குறைவு' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெள்ளையையும் சேர்த்து எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் தருவன என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. இலங்கை நீல வகையை 1987இல் தடை செய்தது. நம் கூரைச் சீற்றில் வருவது வெள்ளை.

என்ன புற்றுநோய் வரும்? முதலாவது மீசோதெலியோமா. நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது, வயிற்றுக்குள்ளும் அதுபோல ஒன்று. அந்த உறையில் வரும் புற்று இது. பொதுமக்களில் மிக அரிது, கல்நாரோடு வேலை செய்தவர்களில்தான் கூடுதல். ஆகவே ஒருவருக்கு இது வந்தால் வைத்தியர் கேட்கவேண்டிய முதல் கேள்வி "என்ன வேலை செய்தீர்கள்?" என்பதுதான். இரண்டாவது நுரையீரல் புற்றுநோய். இது சிகரெட்டாலும் வரும், கல்நாராலும் வரும். எண்ணிக்கையில் பார்த்தால் கல்நாரால் அதிகம் பேர் சாவது இதனால்தான் என்று கணிக்கிறார்கள். குரல்வளை, சூலகம் ஆகியவற்றிலும் புற்று வருவது உறுதியாகியிருக்கிறது. இவை தவிர, நுரையீரல் தழும்பேறி இறுகி மூச்சு முட்டும் அஸ்பெஸ்டோசிஸ் என்ற நோயும் உண்டு. அது புற்றுநோய் இல்லை, ஆனால் மாடிப்படி ஏற முடியாத அளவுக்கு மனிதரை முடக்கிவிடும்.

சிகரெட்டையும் கல்நாரையும் கூட்டிப் பார்க்கக்கூடாது, பெருக்கிப் பார்க்கவேண்டும். வட அமெரிக்காவில் குழாய்களுக்கு வெப்பக் காப்பு உறை போட்ட தொழிலாளரை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1979இல் வெளிவந்தது. புகைக்காத, கல்நார் தொடாத ஒருவருக்கு நுரையீரல் புற்றால் சாகும் வாய்ப்பு 1 என்றால், கல்நார் மட்டும் பட்டவருக்குச் சுமார் 5, புகைப்பவருக்குச் சுமார் 11, இரண்டும் சேர்ந்தவருக்கு 50க்கு மேல். அவர்கள் மிகக் கடுமையாகத் தூள் பட்டவர்கள், அந்த எண்ணை நம் கூரைப் பையனுக்கு அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனால் கணக்கின் போக்கு அதுதான். பழைய வேலையை யாராலும் அழிக்க முடியாது. சிகரெட்டை இன்றைக்கே விடலாம். மீசோதெலியோமாவுக்குச் சிகரெட்டோடு தொடர்பில்லை, அது புகைக்காதவரையும் பிடிக்கும்.

இனிக் காலக் கணக்கு. பாம்பு கடித்தால் கடிவாய் தெரியும். நெருப்புச் சுட்டால் கை இழுக்கும். இது அப்படியில்லை. இன்றைக்குப் பட்ட தூள் புற்றாகத் தலைகாட்ட இருபது முதல் ஐம்பது வருடம் போகலாம். இருபது வயதில் சீற் வெட்டியவருக்கு ஐம்பது அறுபதில் நெஞ்சு நோகும். அதற்குள் அந்த வீடு கைமாறியிருக்கும், கொந்தராத்துக்காரர் செத்திருப்பார், வேலை செய்தவருக்கே மறந்துபோயிருக்கும். "நான் முப்பது வருஷமா இந்த வேலை செய்யுறன், எனக்கு ஒன்றும் வரேல்லையே" என்று எங்கள் மேசன்மார் சொல்வது பொய்யில்லை. முப்பது வருடம் என்பது இந்த நோய்க்குத் தொடக்கம் மட்டுமே என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உலகம் இதைக் கண்டுபிடித்ததும் இப்படிப் பின்னோக்கித்தான். தென்னாபிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி வாக்னர் என்ற வைத்திய ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1960இல் எழுதினார்கள். எல்லோரும் சுரங்கத் தொழிலாளர் இல்லை, அயலில் வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். 1965இல் இலண்டனில் இன்னொரு ஆய்வு. அங்கே நோய்வாய்ப்பட்டவர்களில் தொழிற்சாலைக்குள் காலே வைக்காத பெண்களும் இருந்தார்கள். கணவன் வேலையால் வந்து கழற்றிப்போட்ட உடுப்பை உதறித் துவைத்ததுதான் அவர்கள் பட்ட தூள். அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. துவைகல்லில் போடுமுன் என் சாரத்தை நாலு தரம் உதறுவா.

சரி, அப்படியென்றால் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே படுக்கும் நாம் எல்லோரும் சாகப்போகிறோமா? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் தேவை, ஏனென்றால் பயத்தில் மக்கள் செய்வது சிலவேளை கூரையைவிட ஆபத்தானது. வெடிக்காத, உடையாத சீற்றில் நார் சீமெந்துக்குள் இறுகிக் கிடக்கிறது. அதற்குக் கீழே இருந்து சோறு தின்பதால் வரும் ஆபத்து மிகக் குறைவு. கூரையில் விழும் மழைநீரைக் குடிப்பதுபற்றியும் கேட்பார்கள். குடிநீரில் வரும் கல்நார் தீங்கு செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூச்சில் போவதுதான் விஷயம். வெட்டும்போது, துளைக்கும்போது, உடைக்கும்போது, பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டும்போது நார் காற்றுக்கு வருகிறது. கடற்காற்றிலும் வெயிலிலும் நாற்பது வருடம் கிடந்த சீற்றின் மேற்பரப்புச் சீமெந்து அரிந்து, நார் பஞ்சுபோல வெளியே தெரியும். அதன்மேல் தும்புத்தடி போட்டுக் கூட்டுவது கிட்டத்தட்ட வெட்டுவதுபோலத்தான். ஆகவே கூரைக்குக் கீழே படுப்பவரைவிடக் கூரைமேல் ஏறுபவருக்கே ஆபத்து. வீட்டுக்காரர் கூரையை வாங்குகிறார், அதன் விலையில் ஒரு பகுதியைக் கட்டுவது நாட்கூலிக்காரரின் நெஞ்சு.

கூரை வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும், எவ்வளவு வெட்டு இருக்கிறது என்று. அலைச் சீற்றை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் போடும்போது, நாலு சீற் சந்திக்கும் மூலையில் நாலு தடிப்பும் சேர்ந்து கூரை படியாமல் நிற்கும். அதனால் நடுவில் வரும் இரண்டின் மூலையையும் சரித்து வெட்டவேண்டும். கூரையில் இப்படிச் சந்திப்பு எத்தனையோ, அதன் இரண்டு மடங்கு வெட்டு. பிறகு கொக்கி ஆணிக்குத் துளை, முகட்டுக்கு அளவு வெட்டு. கிரைண்டரின் வட்டத் தகடு அத்தனையையும் மாவாக அரைத்து ஊதுகிறது. கைவாளால், அதுவும் நனைத்து வெட்டினால் வருவது பெரும்பாலும் ஈரச் சேறு, காற்றுக்குப் போவது அதில் ஒரு சிறு பங்குதான்.

பாதுகாப்பான அளவு என்று ஒன்று உண்டா? இதுவரை யாரும் அப்படி ஓர் அளவைக் காட்டவில்லை. அமெரிக்காவில் வேலைத்தளச் சட்ட எல்லை ஒரு கன சென்ரிமீற்றர் காற்றுக்கு 0.1 நார். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஒரு தொழிலாளி எட்டு மணித்தியாலத்தில் இழுப்பது ஏறத்தாழ பத்துக் கன மீற்றர் காற்று. பெருக்கிப் பாருங்கள்: சட்ட எல்லைக்குள் நின்றாலும் நாளுக்குப் பத்து இலட்சம் நார். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அந்த எல்லையைப் பத்திலொன்றாக, 0.01 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. அங்கே புதிதாகக் கல்நார் விற்பதே தடை, பழைய கட்டடத்தை உடைப்பவர்களுக்காகத்தான் இந்த எல்லை. இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். தூள் பட்ட எல்லோருக்கும் புற்று வருவதில்லை, பெரும்பாலானோருக்கு வராது. எவ்வளவு, எத்தனை வருடம், எந்த வகை என்பதைப் பொறுத்து வாய்ப்பு ஏறும். ஒருநாள் சீற் உடைந்ததற்காக நித்திரையைத் தொலைக்கத் தேவையில்லை. தினமும் உடைப்பவர்தான் யோசிக்கவேண்டும்.

திருகோணமலையில் இது கூரையோடு முடிவதில்லை. நம்முடையது துறைமுகப் பட்டினம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் பெரிய தளம் இங்கே இருந்தது. அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களில் கொதிகலனையும் குழாய்களையும் கல்நார்ப் பட்டியால் சுற்றிக் கட்டுவது உலகெங்கும் இருந்த வழக்கம். எஞ்சின் அறை இடுக்கில் பழைய உறையைப் பிய்த்துப் புதிது போடும் வேலையைவிடத் தூள் கூடிய வேலை குறைவு. இங்கிலாந்தின் டெவன்போர்ட் கப்பல் தளத் தொழிலாளரிடம் இந்த நோய் 1960களிலேயே பதிவாகியிருக்கிறது. கராஜ்களில் பழைய பிரேக் லைனிங்கிலும் கிளச் தட்டிலும் கல்நார் இருந்தது. டிரம்மைக் கழற்றி கொம்பிரசர் காற்றால் 'புஸ்' என்று ஊதுவதை எத்தனை தரம் பார்த்திருப்போம். பேக்கரிப் போறணைக் கதவுக்குக் கட்டும் கயிறு, ஆலை எஞ்சினின் கேஸ்கட், வெல்டிங் செய்பவர் விரிக்கும் பழைய சாக்குபோன்ற துணி, இவற்றையும் கேட்டு விசாரித்துத் தொடுவது நல்லது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளில் உடைந்த சீற் குவியல் குவியலாகக் கிடந்தது. வெறுங்கையால் அள்ளினோம். போரில் உடைந்த கூரைகளுக்கும் அதே கதைதான். அந்த நேரத்தில் யாருக்கும் இதை யோசிக்க நேரமில்லை, யோசித்திருந்தாலும் வேறு வழி இருந்திருக்காது. மிஞ்சிய துண்டுகளை அடித்து நொறுக்கி ஒழுங்கைப் பள்ளத்துக்குப் போட்டதுதான் தவறு. வண்டி ஏற ஏற அது அரைபடும்.

அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரை முற்றாகத் தடை செய்துவிட்டன. இலங்கையும் 2018 தொடக்கம் கட்டுப்படுத்தப் போவதாகச் சொன்னது. 2017 டிசம்பரில் ரஷ்யா நம் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி இறக்குமதியை நிறுத்தியது. நமக்குக் கல்நார் அதிகம் வருவதும் ரஷ்யாவிலிருந்துதான். கொழும்பு அந்தக் கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது, தேயிலைக்கு வழி திறந்தது. வண்டுக்கும் சீற்றுக்கும் தொடர்பு உண்டென்று பத்திரிகைகள் எழுதின. அந்த வண்டைப்போலச் செல்வாக்குள்ள பூச்சியை நான் கேள்விப்பட்டதில்லை.

வேலை செய்யவே வேண்டியிருந்தால் என்ன செய்வது? இயன்றால் கல்நார் இல்லாத சீற்றோ ஓடோ தகரமோ போடுங்கள். அஸ்பெஸ்டஸ்தான் என்றால் கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வாளியில் தண்ணீர், துளி சவர்க்காரம், கைவாள். வெட்டுமிடம் நனைந்தபடியே இருக்கட்டும், காற்று முதுகுப் பக்கமிருந்து வரட்டும். பழைய கூரை கழற்றும்போது மேலே நின்று உடைத்துக் கீழே தள்ளுவதுதான் நம் ஊர் வழக்கம், வேகமும் அதுதான். அதை விட்டுவிட்டு, நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாகக் கைமாற்றி இறக்கவேண்டும். பழைய சீற்றின்மேல் மிதிக்கவேண்டாம். புற்று வருமுன் விழுந்து இடுப்பு முறிந்துவிடும். துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றிக் கட்டி, எங்கே கொடுப்பது என்று உள்ளூராட்சி சபையில் கேளுங்கள். கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் அதோடு கட்டிவிடுங்கள். லேஞ்சியும் வைத்தியசாலை நீல மாஸ்க்கும் இந்த நாருக்குப் பெரிய தடையில்லை. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும், மெல்லிய தூளையும் வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3 (FFP3) தர முகக்கவசம் தேவை. தாடி இருந்தால் அதுவும் ஓரத்தால் விடும். வேலை உடுப்பை வேலைத்தளத்திலேயே நனைத்துப் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வீட்டில் உதற விடவேண்டாம்.

முன்பே நிறையத் தூள் பட்டவர்களுக்கு: நாரை வெளியே எடுக்க மருந்து இல்லை. பால் குடிப்பதாலோ வாழைப்பழம் தின்பதாலோ அது வெளியே வராது. மேசன்மார் மத்தியில் இரண்டும் பிரபலமான வைத்தியம், வயிற்றுக்கு நல்லதுதான். நெஞ்சு நோவு, ஏறும்போது மூச்சு வாங்குதல், ஆறாத இருமல், காரணமில்லாத மெலிவு வந்தால் வைத்தியரிடம் போங்கள். நுரையீரல் உறையில் நீர் கட்டினால் நம் பக்கத்தில் முதலில் காசநோயை நினைப்பது இயல்பு, அதைச் சோதிப்பதும் சரிதான். ஆனால் "நான் இருபத்தைந்து வருடம் சீற் வெட்டியவன்" என்று நீங்கள் வாய்திறந்து சொன்னால்தான் அவர் மற்றப் பக்கமும் பார்ப்பார். கிளினிக்கில் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் அவராகக் கேட்கமாட்டார்.

அதனால் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எந்த வருடம், எந்த ஊர், யாரிடம், எத்தனை நாள், என்ன வேலை. சம்பளச் சீட்டு இல்லாத நாட்கூலிக்காரருக்கு அதுதான் பதிவு. வைத்தியருக்கும் உதவும், நட்டஈடு என்று ஒரு பேச்சு வந்தால் அதற்கும் உதவும்.

உவர்மலைப் பையன் மறுநாள் கைவாளோடு வந்தான். வேலை ஒன்றரை நாள் கூடியது. அந்தக் கூலியை யார் கொடுப்பது என்று வீட்டுக்காரர் என்னோடு இழுபட்டார், கடைசியில் பாதி அவர், பாதி நான். அன்றிரவு பையனுக்கு வாங்கிய கொப்பியோடு எனக்கும் ஒன்று வாங்கி வந்து எழுதத் தொடங்கினேன். முதல் வரி இது: 1996, உப்புவெளி, கையாள் வேலை, சீற் வெட்டும்போது மறுமுனையைப் பிடித்தது, பதினொரு நாள்.